நீல வலையை நாமே பின்னுவோம்: எதிரொளிப்புத் தரவிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி மேப்

புரதக் கட்டமைப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் ஒரு படம் தவறாமல் இருக்கும். மருந்து மூலக்கூறு ஒன்று குச்சி குச்சியாக நிற்கும். அதைச் சுற்றி நீல வலை (எலக்ட்ரான் எங்கே எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று காட்டும் மேப்), தைத்துப் போட்ட சட்டை மாதிரி பொருந்தியிருக்கும். பொருந்தாத கோணத்திலிருந்து யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால் அந்த வலையை நாமே பின்னி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பதுதான் நல்லது. கல்வி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இதற்கான மென்பொருள் எல்லாமே இலவசம். நிறுவிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மதிய நேரம் போதும்.

பழகிப் பார்க்க ஒரு கட்டமைப்பு வேண்டுமே, புரதத் தரவு வங்கியில் (பிடிபி) 6எல்யு7 என்ற குறியீட்டில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் நொதியும் அதைத் தடுக்கும் என்3 என்ற மூலக்கூறும் சேர்ந்த படிகம் அது. ஷாங்காயில் தீர்க்கப்பட்டு 2020 பிப்ரவரி தொடக்கத்தில் வெளியானது. பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதன் அளவு, 2.16 ஆங்ஸ்ட்ராம் (எண் சிறியதானால் நல்லது). மிக நல்ல தரவு என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. கற்றுக்கொள்ள அப்படிப்பட்டதுதான் சரி.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

தட்டுவதற்கு முன்னால்

எக்ஸ்ரே படிகத்தில் பட்டுச் சிதறி, உணர்கருவியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக விழுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எதிரொளிப்பு. அதற்கு எச், கே, எல் என்று மூன்று முழு எண்களில் ஒரு முகவரி உண்டு. கருவி அளப்பது செறிவை மட்டும். செறிவின் வர்க்கமூலம் கட்டமைப்புக் காரணியின் வீச்சு. ஒவ்வோர் எதிரொளிப்பையும் படிகத்துக்குள் ஓடும் ஓர் அலையாக நினைத்துக்கொண்டால், அலை எவ்வளவு உயரம் என்பது கையில் இருக்கிறது, அதன் முகடு எங்கே விழுகிறது என்பது இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தைப் பாடநூல் 'கட்டம்' என்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் ஃபேஸ் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். உயரமும் முகடும் தெரிந்தால் எல்லா அலைகளையும் கூட்டி, அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியின்) கன அளவால் வகுத்துவிடலாம். வருவதுதான் எலக்ட்ரான் அடர்த்தி. ஃபூரியர் மாற்றம் என்று பெயர் வைத்துப் பயமுறுத்துவது இந்தக் கூட்டலைத்தான்.

தரவில் இல்லாத ஃபேஸ் எங்கிருந்து வருகிறது? ஏற்கெனவே தீர்த்த கட்டமைப்பு என்றால் பெரும்பாலும் மாதிரியிலிருந்து, அதாவது ஆசிரியர்கள் அணுக்களை எங்கெங்கே வைத்தார்களோ அதிலிருந்து கணக்கிட்டது. இதில்தான் விஷயமே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் 1961-இல் ஒரு சோதனையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு கட்டமைப்பின் வீச்சுகளோடு வேறொரு கட்டமைப்பின் ஃபேஸ்களைச் சேர்த்து மேப் போட்டால் எது தெரியும்? ஃபேஸ் கொடுத்த கட்டமைப்புதான் தெரிகிறது. மாதக்கணக்கில் படிகம் வளர்த்து அளந்த வீச்சைவிட, கணக்கில் வந்த ஃபேஸ்தான் மேப்பை ஆட்டி வைக்கிறது. ஆகவே எந்த மேப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதற்கு ஃபேஸ் கொடுத்தது யார்?

1. இரண்டு கோப்புகள்

பிடிபி தளத்தில் 6எல்யு7 பக்கத்தைத் திறந்து, பதிவிறக்கப் பட்டியலில் இரண்டு கோப்புகளை எடுங்கள். ஒன்று அணுக்களின் ஆயங்கள் உள்ள எம்எம்சிஐஎஃப் கோப்பு. இன்னொன்று கட்டமைப்புக் காரணிகள் உள்ள கோப்பு. பெயரில் 'எஸ்எஃப்' இருக்கும். அமெரிக்காவின் ஆர்சிஎஸ்பி, ஐரோப்பாவின் பிடிபிஇ, ஜப்பானின் பிடிபிஜே மூன்றிலும் அதே தரவுதான். எது வேகமாக இறங்குகிறதோ அதில் எடுங்கள்.

அவசரக்காரர்களுக்குக் குறுக்குவழியும் உண்டு. பல கட்டமைப்புகளுக்குத் தயாரான மேப் கெழுக்களே (மேப் போடத் தேவையான வீச்சும் ஃபேஸும்) அந்தப் பட்டியலில் கிடைக்கும். பிடிபி-ரீடூ என்ற தளத்தில் கட்டமைப்பைப் புதிய முறைகளில் மறுபடி ரிஃபைன் செய்து (அதாவது தரவோடு பொருந்தும்படி அணுக்களை நகர்த்திச் சரிசெய்து), படிகவியல் மென்பொருள்கள் படிக்கும் எம்டிஇசட் கோப்பாகவே வைத்திருக்கிறார்கள். மாதிரியையும் மேப்பையும் திரையில் காட்டும் கூட் என்ற மென்பொருளில் குறியீட்டை மட்டும் கொடுத்தால் மாதிரியும் மேப்பும் சேர்ந்தே இறங்கும். அன்றாட வேலைக்கு நானும் இதைத்தான் செய்கிறேன். ஆனால் முதல் தடவையாவது கையால் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் ஏதாவது கோளாறாகும்போது எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

2. கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள்

எஸ்எஃப் கோப்பு வெறும் எழுத்துக்கோப்புதான். எந்த எழுத்துச் செயலியிலும் திறக்கும். புதிதாக வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு வரும் குழப்பத்தில் முக்கால்வாசி இங்கே ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் வந்திருக்காது.

மேலே அலகுக்கூட்டின் அளவுகளும் சமச்சீர்க் குழுவும் (படிகத்தில் மூலக்கூறுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும்) இருக்கும். 6எல்யு7-க்கு அது சி2. அதன் கீழே 'ரிஃப்ளன்' என்று தொடங்கும் தலைப்புகள் வரிசையாக வரும். பிறகு எண் பட்டியல், ஒரு வரிக்கு ஓர் எதிரொளிப்பு. தலைப்புகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் வரியிலுள்ள எண்களும். எச், கே, எல் தெரிந்ததுதான். 'எஃப் மெஷர்டு' என்று இருந்தால் வீச்சு, 'இன்டென்சிட்டி' என்று இருந்தால் செறிவு. இரண்டில் ஒன்றாவது இருக்கும். பக்கத்தில் அவற்றின் பிழை மதிப்பு.

'ஸ்டேட்டஸ்' என்ற நெடுவரிசையில் ஒற்றை எழுத்து இருக்கும். 'ஓ' என்றால் ரிஃபைன்மென்டில் பயன்பட்டது. 'எஃப்' என்றால் ஒதுக்கி வைத்தது. ஃப்ரீ-ஆர் (ரிஃபைன்மென்டில் சேராத தரவிலிருந்து மாதிரி எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) கணக்கிட எடுத்து வைக்கும் சிறு பங்கு, வழக்கமாக 5 சதவீதத்தை ஒட்டி. 'எக்ஸ்' என்றால் பயன்படுத்தாதது. கோப்பு முழுவதும் 'ஓ' மட்டுமே இருந்தால் ஒதுக்கிய பட்டியல் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். மேப் போட அது தடையில்லை. ஆனால் மறுபடி ரிஃபைன் செய்தால் அந்த ஃப்ரீ-ஆர் மதிப்பை நம்ப முடியாது.

கடைசியாக, 'எஃப்டபிள்யூடி', 'பிஎச்டபிள்யூடி' என்று முடியும் தலைப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் ஆசிரியர்களே மேப்புக்கான வீச்சையும் ஃபேஸையும் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்காம் படிக்கு நேராகப் போகலாம். இல்லாவிட்டால் ஃபேஸை நாம்தான் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று: சில கோப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், ரிஃபைன்மென்டுக்குப் பயன்பட்டது ஒன்று, இணைக்கப்படாத மூலத் தரவு இன்னொன்று என்று. பொதுவாக முதல் தொகுதிதான் நமக்கு வேண்டியது. பொதுவாக என்றுதான் சொன்னேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எம்டிஇசட் ஆக்கி, ஃபேஸ் சேர்ப்பது

படிகவியல் மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எம்டிஇசட் என்ற இருமக் கோப்பில். மாற்ற ஜெம்மி என்ற நிரல் போதும். சிசிபி4 என்ற படிகவியல் மென்பொருள் தொகுப்போடு சேர்ந்தே வரும், கோண்டா என்ற நிறுவி வழியாகத் தனியாகவும் நிறுவலாம். முனையத்தில்:

ஜெம்மி சிஐஎஃப்2எம்டிஇசட் 6எல்யு7-எஸ்எஃப்.சிஐஎஃப் 6எல்யு7.எம்டிஇசட்

இப்போது ஃபேஸ். சிசிபி4-இல் ரெஃப்மேக் என்ற ரிஃபைன்மென்ட் நிரலைத் திறந்து, மாதிரியையும் எம்டிஇசட்டையும் கொடுத்து, சுழற்சி எண்ணிக்கையை பூஜ்யம் என்று வையுங்கள். அணு எதுவும் அசையாது. கரைப்பான் பகுதியை (புரதங்களுக்கு இடையே நிற்கும் திரவத்தை) சரிக்கட்டி, அளவுகோலைப் பொருத்தி, மாதிரியிலிருந்து ஃபேஸை மட்டும் கணக்கிட்டுத் தரும். ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பை வைத்திருப்பவர்கள் 'ஃபீனிக்ஸ் மேப்ஸ்' கருவியில் அதே இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் போதும்.

ஓடி முடிந்ததும் மேப்பைத் திறக்க ஓடாதீர்கள். முதலில் ஆர் மதிப்பை, அதாவது அளந்த வீச்சும் மாதிரியிலிருந்து கணக்கிட்டதும் எவ்வளவு விலகுகின்றன என்பதைப் பாருங்கள். வெளியான மதிப்புக்கு ஒன்றிரண்டு சதவீதப் புள்ளிகளுக்குள் வந்தால் சரி. 45, 50 சதவீதம் என்று வந்தால் எங்கோ தப்பு: செறிவை வீச்சு என்று கொடுத்திருப்பீர்கள், அல்லது வேறு கட்டமைப்பின் மாதிரியைக் கொடுத்திருப்பீர்கள். 50 என்பது பாதி சரி என்று தோன்றும், அப்படியல்ல. அணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்தால்கூட ஆர் சுமார் 59 சதவீதம்தான் வரும் என்று 1950-லேயே வில்சன் கணக்கிட்டிருக்கிறார்.

கிடைக்கும் புதிய எம்டிஇசட்டில் நெடுவரிசைகள் நிறைய இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு இணைகள். எஃப்டபிள்யூடி-யும் பிஎச்டபிள்யூடி-யும் சேர்ந்தது சாதாரண மேப். டெல்எஃப்டபிள்யூடி-யும் அதன் ஃபேஸும் சேர்ந்தது வேறுபாட்டு மேப். ஃபீனிக்ஸில் இவற்றுக்கு 2எஃப்ஓஎஃப்சி, எஃப்ஓஎஃப்சி என்று தொடங்கும் பெயர்கள்.

அந்தப் பெயரே விளக்கமும்தான். எஃப்ஓ என்பது அளந்த வீச்சு, எஃப்சி என்பது மாதிரியிலிருந்து கணக்கிட்டது. மாதிரியின் ஃபேஸோடு அளந்த வீச்சை மட்டும் போட்டால், மாதிரியில் விட்டுப்போன அணு ஏறக்குறைய பாதி உயரத்தில்தான் தெரியும். அதனால் அளந்ததை இரட்டித்து, கணக்கிட்டதைக் கழிக்கிறார்கள். விட்டுப்போனதும் முழு உயரத்துக்கு வந்துவிடும். முன்னால் எம், டி என்ற எடைகள் சேர்வது, மாதிரியில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று மதிப்பிட்டு, நம்ப முடியாத ஃபேஸை அடக்கி வாசிக்க. ராண்டி ரீட் 1986-இல் கொடுத்த வடிவம். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். அதே எம்டிஇசட்டில் எஃப்சி, பிஎச்ஐசி என்று ஓர் இணையும் இருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு நாள் பட்டியலில் கை தவறி அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். வந்த மேப் அப்படியொரு அழகு. ஒவ்வோர் அணுவும் வலைக்குள் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் காணும் வளையப் பகுதிகூடக் கச்சிதம். இரண்டு நாள் படமாக எடுத்துத் தள்ளினேன். மூன்றாம் நாள் ஆய்வகத்து அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து, "எந்த காலம் (நெடுவரிசை) போட்ட?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். வீச்சும் மாதிரியிலிருந்து, ஃபேஸும் மாதிரியிலிருந்து. படிகமே அந்த மேப்புக்குத் தேவைப்படவில்லை. மாதிரி தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று ரசித்திருக்கிறேன். அளவுக்கு மீறி அழகான மேப்பைக் கண்டால் இன்றும் முதலில் நெடுவரிசைப் பெயரைத்தான் பார்க்கிறேன்.

4. மேப்பாக மாற்றுவது

கூட் மென்பொருளில் பார்ப்பதென்றால் இந்தப் படியே வேண்டாம். எம்டிஇசட்டைக் கொடுத்தால் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பைமால் போன்ற படம் போடும் மென்பொருள்களுக்குத்தான் தனி மேப் கோப்பு வசதி. அதற்கு:

ஜெம்மி எஸ்எஃப்2மேப் 6எல்யு7-புதியது.எம்டிஇசட் 6எல்யு7.சிசிபி4

வேறுபாட்டு மேப் வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிறுகோடும் 'டி' எழுத்தும் சேருங்கள். கட்டமைப்பு உள்ள பகுதிக்கு மட்டும் மேப் வேண்டுமென்றால் 'மேப்மாஸ்க்' என்ற விருப்பத்தில் ஆயக் கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். இதை மறந்தால் "பாதிப் புரதத்துக்கு மேப்பே இல்லை" என்ற புகார் வரும். மேப் அலகுக்கூட்டை நிரப்பியிருக்கும், மாதிரியோ அலகுக்கூட்டின் எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தரவில் குறை ஒன்றுமில்லை.

வலைப்புள்ளிகளின் இடைவெளி, பிரிதிறனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம். நம் தரவுக்கு 2.16-ஐ மூன்றால் வகுத்தால் 0.72 ஆங்ஸ்ட்ராம். இன்னும் நெருக்கமாக வைத்தால் வலை வழவழப்பாகத் தெரியும். புதிய தகவல் எதுவும் வராது. மங்கலான புகைப்படத்தைப் பெரிதாக்குவது போலத்தான்.

5. சிக்மா என்னும் திருகு

கூட்டில் மாதிரியையும் எம்டிஇசட்டையும் திறந்ததும் நீலத்தில் சாதாரண மேப்பும், பச்சை சிவப்பில் வேறுபாட்டு மேப்பும் வரும். பச்சை என்றால் "இங்கே எலக்ட்ரான் இருக்கிறது, நீ அணு வைக்கவில்லை". சிவப்பு என்றால் "அணு வைத்திருக்கிறாய், இங்கே ஒன்றுமில்லை". சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் மட்டம் ஏறி இறங்கும். நீலத்தை 1 முதல் 1.5 சிக்மாவிலும், பச்சை சிவப்பை 3 சிக்மாவிலும் பார்ப்பது பழக்கம்.

இந்தச் சிக்மா பிழை அளவு அல்ல. மேப் முழுவதிலும் அடர்த்தி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு, அவ்வளவுதான். கரைப்பான் நிறைய உள்ள படிகத்தில் சமவெளி அதிகம், எனவே சிக்மா சிறிதாகும். அதே 1 சிக்மா அங்கே வேறு அடர்த்தியைக் குறிக்கும். இரண்டு படிகங்களை ஒப்பிடும்போது கன ஆங்ஸ்ட்ராமுக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற அலகில் ஒப்பிடுங்கள். கூட் இரண்டையும் காட்டும். பைமால் மேப்பைத் திறக்கும்போதே சிக்மா அளவுக்கு மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆய்வுக் கட்டுரைப் படத்தின் அடியில் "0.7 சிக்மா" என்று பொடி எழுத்தில் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த மட்டத்துக்கு இறக்கினால் இரைச்சலும் வலையாகிவிடும். அதில் மூலக்கூறைச் சுற்றியுள்ள வலையை மட்டும் வெட்டிக் காட்டினால் எதுவும் பொருந்தும்.

திருகை உருட்ட முடியாத காலமும் இருந்தது. கெண்ட்ரூ குழுவினர் 1960-இல் மயோகுளோபினை 2 ஆங்ஸ்ட்ராமில் பார்த்தபோது, சுமார் 2,500 செங்குத்துக் கம்பிகளை நட்டு, அடர்த்திக்கேற்ற வண்ணக் கவ்விகளை அதில் மாட்டி, அந்தக் கம்பிக் காட்டுக்குள் கைவிட்டு மாதிரியைக் கட்டினார்கள்.

6. என்3 உண்மையிலேயே இருக்கிறதா?

இதற்காகத்தானே இவ்வளவும். கூட்டில் என்3 என்று தேடினால் கிடைக்காது. அது பெப்டைடு போன்ற மூலக்கூறு என்பதால் ஆயக் கோப்பில் சி சங்கிலியாக, ஆறு துண்டுகளாக இருக்கிறது: ஒரு முனையில் 02ஜே என்ற ஐசாக்சசோல் வளையம், பிறகு அலனின், வேலின், லியூசின், அடுத்து பிஜேஇ, மறுமுனையில் 010 என்ற பென்சைல் துண்டு.

புரதமான ஏ சங்கிலியின் 145-ஆம் சிஸ்டீனுக்குப் போங்கள். அதன் கந்தகம் பிஜேஇ-யின் கார்பனோடு சகப் பிணைப்பில் இருக்கிறது. வெளியான நீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம். மட்டத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் கார்பன்கள் மறைந்த பிறகும் கந்தகம் நிற்க வேண்டும். 16 எலக்ட்ரான் உள்ளது அது, கார்பனுக்கு 6-தான். இரண்டுக்கும் நடுவே நீலப் பாலம் அறுபடாமல் எந்த மட்டம் வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே சங்கிலி நெடுக நகர்ந்து, இரண்டு முனை வளையங்களையும் பாருங்கள். எந்தத் தடுப்பானிலும் கரைப்பான் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் வலை முதலில் கிழியும்.

பாலம் தெரிந்ததா? நல்லது. ஆனால் அந்த ஃபேஸ் கணக்கில் என்3-யும் இருந்ததே. சாட்சியே நீதிபதியாக உட்கார்ந்த கதைதான். அதனால் என்3-ஐ வெளியே அனுப்பிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

சி சங்கிலியை முழுதாக நீக்கி, புதிய பெயரில் சேமியுங்கள். சிஸ்டீனோடு உள்ள பிணைப்பைக் குறிக்கும் பதிவும் கோப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாத அணுவைத் தேடி நிரல் நின்றுவிடும். இப்போது பூஜ்யச் சுழற்சி போதாது. மற்ற அணுக்கள் என்3 இருந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதால் அதன் நினைவு அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து சுழற்சியாவது ரிஃபைன் செய்யுங்கள். ஆயங்களைக் கொஞ்சம் குலுக்கிவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது. தானாக நீர் மூலக்கூறு சேர்க்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிரல் அந்தப் பள்ளத்தில் வரிசையாகத் தண்ணீரை வைத்து நிரப்பிவிடும், நீங்கள் பச்சையைக் காணாமல் தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

வரும் வேறுபாட்டு மேப்பை 3 சிக்மாவில் திறந்து, பழைய என்3-ஐ அதன் மேல் வைத்துப் பாருங்கள். இப்போது தெரியும் பச்சைக்கு என்3 ஃபேஸ் கொடுக்கவில்லை. எந்தத் துண்டு பச்சைக்குள் இருக்கிறதோ அதற்குத் தரவின் ஆதரவு இருக்கிறது. எது வெளியே நிற்கிறதோ அது வேதியியல் தெரிந்தவர்கள் நியாயமாக ஊகித்து வைத்தது. அது தவறென்று ஆகிவிடாது, ஆனால் "தெரிகிறது" என்று எழுத முடியாது. பலவீனமான இடங்களில் கரைப்பான் கணக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பி அடர்த்தியை அமுக்கிவிடுவதும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் ஃபீனிக்ஸின் போல்டர் மேப்பைப் போடுங்கள். நீக்கிய இடத்துக்குள் கரைப்பானை விடாமல் கணக்கிடும்.

பிரிதிறனையும் மறக்க வேண்டாம். 2.16-இல் முதன்மைச் சங்கிலியின் ஆக்சிஜன் புடைப்பு தெரியும், நல்ல இடங்களில் நீர் தனி உருண்டையாகத் தெரியும். பென்சீன் வளையத்தின் நடுவில் ஓட்டை தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது 1.5 ஆங்ஸ்ட்ராமை நெருங்கும்போது கிடைக்கும் வசதி. நைட்ரஜனா ஆக்சிஜனா என்பதையும் இந்த மேப்பால் சொல்ல முடியாது. சுற்றியுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நீருக்கும் 10 எலக்ட்ரான், சோடியம் அயனிக்கும் 10, மக்னீசியம் அயனிக்கும் 10. உருண்டையைப் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

7. பயப்பட வேண்டாத ஒரு விஷயம்

166-ஆம் குளுட்டமேட்டின் அருகே மாதிரியில் அணுவே இல்லாத இடத்தில் நீல வலை நன்றாகத் தெரியும். ஆனால் பச்சை இருக்காது. புதிதாக வந்தவர்கள் அதற்குள் ஏதாவது மூலக்கூறைப் பொருத்தப் பார்ப்பார்கள். கூட்டில் சமச்சீர் அணுக்களைக் காட்டும் வசதியைப் போடுங்கள். பக்கத்து மூலக்கூறின் முதல் செரின் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். இந்த நொதி இரட்டையாக வேலை செய்வது. இந்தப் படிகத்தில் கோப்பில் எழுதியிருப்பது ஒன்று, அதன் ஜோடி சமச்சீரால் வருவது. நிரலுக்கு அது தெரியும் என்பதால்தான் பச்சை வரவில்லை.

பழகிய பிறகு வேறு கட்டமைப்புகளுக்குப் போவீர்கள். எஸ்எஃப் கோப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிபி கட்டாயமாக்கியது 2008 பிப்ரவரியில். அதற்கு முந்தைய கட்டமைப்புகள் பலவற்றுக்கு ஆயங்கள் மட்டுமே இருக்கும். பதிவிறக்கப் பட்டியலில் எஸ்எஃப் இல்லையென்றால் தேடி நேரத்தைக் கழிக்காமல், அதே புரதத்தைப் பின்னால் யாராவது தீர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.